டப்பாவில் போடாத கடிகாரம்

ஊரில் அந்தப் படகுக்காரருக்குப் பூட்டு என்று பெயர். வாயைத் திறந்தால் காற்று, அலை, படகு வாடகை எல்லாம் வரும். மீன் கிடக்கும் இடம் மட்டும் வராது.

மீன் பிடிக்க ஆசைப்பட்டு வரும் வெளியூர்க்காரர்களுக்கு மூன்று வழி சொல்வார். மணலில் நின்று தூண்டில் வீசலாம். பொடி மீன் கிடைக்கும், கால் நனையும். கடல் பாலத்து முனையிலிருந்து போடலாம். கூட்டத்தில் நூல் சிக்கும். அரை நாள் படகில் போகலாம். வாந்தியும் வரும், மீனும் வரும்.

நாலாவது வழி ஒன்று இருந்தது. அதை வாடகைப் பலகையில் எழுதவில்லை. முக்கால் மணி நேர ஓட்டத்தில், கடலடியில் ஒரு பழைய இரும்புப் படகு கிடந்தது. கரையில் தண்ணீர்த் தொட்டி புகைபோக்கிக்குப் பின்னால் மறைய வேண்டும், கலங்கரை விளக்கம் குன்றின் பிளவுக்குள் தெரிய வேண்டும். இரண்டும் கூடும் இடத்தில் எஞ்சினை நிறுத்தினால் போட்ட தூண்டில் வெறுமனே வராது.

அங்கே அவர் கூட்டிப்போன வெளியாள் ஒருவர்தான். பூட்டின் வலது கண்ணில் புரை எடுத்த டாக்டர். "அவர் குடுத்த கண்ணாலதானே தொட்டியைப் பாக்குறேன்" என்பார் மனைவியிடம். ஆனாலும் விதி விதிதான். புறப்படும் முன் டாக்டரின் போன் தகர டப்பாவுக்குள் போகும்; டப்பா கரையில் மகளிடம் இருக்கும். போகிற வழியில் வேண்டுமென்றே வடக்கே ஒரு சுற்று, தெற்கே இரண்டு சுற்று.

ஒரு சனிக்கிழமை அவர் போனபோது அங்கே ஒன்பது படகுகள் நின்றன.

"என்ன பூட்டு, சாவி தொலைஞ்சு போச்சா?" பக்கத்துப் படகுக்காரன் சிரித்துக்கொண்டே தன் போனை நீட்டினான். வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு. வடக்கே ஒரு சுற்று, தெற்கே இரண்டு. ஊர் கண்ணைக் கட்ட அவர் போட்ட சுற்றுகள், ஒன்று குறையாமல்.

மகள் கணினிப் பொறியாளர். அன்று இரவு சாப்பிடும்போது அந்தக் கோட்டைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள். "டாக்டரோட வாட்ச்ப்பா. அதுவும் போன் மாதிரிதான். போற வழியெல்லாம் கோடு போட்டு வெச்சுக்கும்."

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"டப்பா உன் கையிலதானே இருந்துச்சு?"

"அவ்வளவு பெரிய மனுஷன்கிட்ட வாட்சைக் கழட்டுங்கன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சுப்பா."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

அடுத்த மாதம் டாக்டர் வந்தார். பழக்கதோஷத்தில் போனை டப்பாவில் போட்டார்.

"கோபமாண்ணே? நாலு பேருக்கு உதவட்டும்னுதான் அந்தக் கோட்டை நெட்ல போட்டேன். ஆயிரம் பேர் பாத்திருக்காங்க!"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?"

"கேட்டா நீங்க வேணாம்னுதானே சொல்லியிருப்பீங்க!"

அவர் போனை எடுத்து டாக்டரின் உள்ளங்கையில் வைத்தார். "இது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும். மணல்ல நின்னு போடுங்க, இல்ல பாலத்துல போடுங்க. உங்களுக்கு இந்த ரெண்டு வழிதான்."

மகள் எப்போதும்போல டப்பாவுக்குக் கை நீட்டினாள். அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படகுக்கு நடந்தார்.

ஐந்து மாதம் கழித்து, மாரடைப்பில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார். அதுவரை மகளோடு பேசினார், சிரித்தார், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கி வரச் சொன்னார். டப்பாவை மட்டும் அவள் கையில் கொடுக்கவே இல்லை.