அப்பா கொடுத்த ஐந்து நட்சத்திரம்

பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டிலிருந்தவள், தலைகீழாக நின்று தண்ணீர் குடித்து ஒரு மொபைல் ஆப் செய்தாள். மாத்திரை நேரத்தில் மணி அடிக்கும். விழுங்கியதும் ‘போட்டாச்சு’ என்பதை அழுத்தினால் பச்சை டிக் விழும். எல்லாம் அப்பாவுக்காக. லேத் பட்டறையில் வேலை செய்யும் அவருக்கு ரத்தக் கொதிப்பு. மாத்திரை என்றால் மறதி.

“அப்பாடா, இனிமே நான் தொண்டை கிழியக் கத்த வேண்டாம்ல?” என்றாள் அம்மா. தினமும் பட்டறைக்குப் போன் போட்டு நினைவுபடுத்துவதை அன்றோடு நிறுத்தினாள்.

எல்லோரும் இறக்கிக்கொள்ளட்டும் என்று மகள் அதை ஆப் ஸ்டோரிலும் ஏற்றிவிட்டாள். முதல் ஐந்து நட்சத்திரம் அப்பா போட்டது. அடுத்து முகம் தெரியாத ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, ‘அடிக்கவே இல்லை’ என்று எழுதியிருந்தார்.

“அவருக்குக் காது மந்தமா இருக்கும்மா. எனக்குக் கணீர்னு அடிக்குதே!” என்றார் அப்பா.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவள் அப்பாவைத்தான் நம்பினாள். மாலையில் அவர் போனை வாங்கிப் பார்த்தால் வரிசையாகப் பச்சை டிக்.

ஒருநாள் பகலில் பட்டறையிலிருந்து அழைப்பு. அப்பா தலைசுற்றி, ஓடிக்கொண்டிருந்த லேத் பக்கமாகச் சரிந்திருக்கிறார். பக்கத்து மெஷின்காரர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கை போயிருக்கும்.

“மாத்திரை ஒழுங்கா போடறாரா?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

“போடறார் டாக்டர்,” என்று அவள் அப்பாவின் போனை நீட்டினாள். அம்மா அப்பாவின் பையைத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்தாள். பாதிக்குமேல் பிரிக்கப்படாமலே இருந்தது.

“அப்பா, மணி அடிக்கலையா?”

“ஆரம்பத்துல அடிச்சுதும்மா. அப்புறம் எப்பவாவது.”

“சொல்லியிருக்கலாம்லப்பா?”

“சோறு தண்ணி இல்லாம உக்காந்து செஞ்சே. ஒத்த நட்சத்திரத்துக்கே உன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. நீ பாப்பியேன்னு சாயங்காலம் பட்டனை மட்டும் அழுத்தி வச்சேன்.”

“நல்லா இருக்கு உங்க பாசம்! ஆளையே முழுங்கப் பாத்துச்சு,” என்றாள் அம்மா.

காரணம் சின்னதுதான். அப்பாவின் போன், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, மூடி வைத்த ஆப்பைத் தூங்க வைத்துவிடுகிறது. அவள் சோதித்ததெல்லாம் தன் போனில், திரையைக் கண்கொட்டாமல் பார்த்தபடி.

அப்பா கண்ணயர்ந்த பிறகுதான் அவளுக்கு மற்றவர்கள் நினைவு வந்தது. இதையே நம்பி இன்னும் எத்தனை பேர்? ஸ்டோரிலிருந்து எடுத்தாலும் அவர்கள் போனில் அது இருக்கத்தான் செய்யும். வீட்டுக்கு ஓடி, ஆப்பிலிருந்து பச்சை டிக்கை எடுத்தாள். திறந்ததும் ‘இந்த மணியை நம்பாதீர்கள். யாரையாவது நினைவுபடுத்தச் சொல்லுங்கள்’ என்று காட்டும்படி மாற்றி, எல்லோருக்கும் அப்டேட்டாக அனுப்பினாள்.

“அனுப்பிட்டியா?” என்று அம்மா போனில் கேட்டாள்.

“அனுப்பிட்டேம்மா. அவங்க திறந்தாத்தான் தெரியும்.”

“திறக்கலைன்னா?”

அவள் ஸ்டோரைத் திறந்து, அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே ‘நீங்கள் சொன்னது சரி’ என்று எழுதினாள்.