ஆறடி என்று சொன்ன தொட்டி

கமலநாதனுக்குப் பொறாமை வந்தால் முதலில் காது மடல் சூடாகும். அப்புறம் சோறு இறங்காது. இதை அவர் மனைவி சீதாலெட்சுமி கல்யாணமான மறு மாதமே கண்டுபிடித்துவிட்டாள். மற்றபடி மனிதர் தங்கம். கிள்ளான் துறைமுகத்துக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரு பெட்டியைக் கீழே போட்டதில்லை, ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. கிடங்கில் எவன் புதுக் கார் வாங்கினாலும் முதல் ஆளாகப் போய்க் கைகுலுக்குவார். ஊரில் யார் மேலும் அவருக்கு வயிற்றெரிச்சல் கிடையாது, ஒரே ஓர் ஆளைத் தவிர. அந்த ஆள் வாசு.

வாசு அவருக்குச் சகலை. சீதாலெட்சுமியின் அக்கா தனலெட்சுமியைக் கட்டியவர். ஸ்ரீ கெம்பாங்கானில் வீடு, அங்கேயே நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. இந்த வாசு கெட்ட மனிதராக இருந்திருந்தால் கமலநாதன் நிம்மதியாகப் பிழைத்திருப்பார். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை. மாமியார் வீட்டில் இலை போட்டால் "மொதல்ல சகலைக்கு வைங்க" என்பார் வாசு. அப்படிச் சொன்னதற்காகவே முதல் கரண்டி அவர் இலையில்தான் விழும். அவர் ஆட்டிறைச்சி சமைத்தால், என்ன போட்டீங்க மாமா என்று சீதாலெட்சுமியே போய்க் கேட்பாள். இதையெல்லாம் கமலநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். தாங்க முடியாமல் போனது வாசு வீட்டு மீன் தொட்டியைத்தான்.

நான்கடித் தொட்டி. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருக்கும். நீலமும் சிவப்புமாகக் கோடு மின்னும் நியான் மீன்கள் நடுவில் கூட்டமாகத் திரியும். அடியில் மீசை மீன்கள் மணலைக் கிளறிக்கொண்டிருக்கும். மேலே தேன் நிறத்தில் ஒரு குராமி ஆற அமர நீந்தும். ஒன்று இன்னொன்றின் வழிக்குப் போகாது. கமலநாதனின் ஒரே மகள் ஷாமினி, இடைநிலைப்பள்ளியில் முதல் வருஷம், ஃபார்ம் ஒன் படிக்கிறவள், சொந்த வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியும் கையுமாகக் கிடக்கிறவள், பெரியப்பா வீட்டுக்குப் போனால் அந்தத் தொட்டிமுன் முக்காலியைப் போட்டுக்கொண்டு எழுந்திருக்க மாட்டாள். பெரியப்பா, அது ஏன் அப்படிப் போகுது? பெரியப்பா, அதையும் இதையும் ஒண்ணா போடலாமா? வாசுவும் சலிக்காமல் பதில் சொல்வார்.

கமலநாதன் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்வார். ஒவ்வொரு பெரியப்பாவுக்கும் காது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும். தன்னிடம் இந்தப் பெண் கடைசியாக என்ன கேட்டாள் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தார். வைஃபை ஏன் வரல என்று கேட்டிருந்தாள்.

அதனால் ஷாமினி "நம்ம வீட்டுக்கும் ஒரு டேங்க் வேணும்பா" என்று வாய் திறந்ததும் மனிதர் அன்றைக்கே கிளம்பிவிட்டார். ஐந்தடி வாங்கி வாசுவின் மூக்கை உடைக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் அடுக்குமாடி வீட்டில் டிவிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் இருந்த இடம் இரண்டடி. இரண்டடித் தொட்டிதான் வந்தது.

மீன் விடாமல் தண்ணீர் மூன்று வாரம் ஃபில்டரில் ஓடித் தெளிந்ததும், கேட்காமலே வாசு வந்து நின்றார். ஒரு கையில் பிளாஸ்டிக் பையில் ஆறு நியான் மீன்கள், இன்னொரு கையில் ஒரு துண்டுத் தாள்.

"நியானோட எது ஒத்துப்போகுமோ அத மட்டும் எழுதியிருக்கேன் சகல. மீசை மீன் நாலு, தேன் குராமி ஒண்ணு. ரெண்டடிதானே, அதுக்கு மேல வேணாம்."

வாசு சொன்னது அளவு. கமலநாதன் காதில் விழுந்தது நக்கல். ரெண்டடிதானே, ரெண்டடிதானே என்று நாள் முழுக்க அது உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. ஷாமினி அந்த ஆறுக்கும் பெயர் வைத்தாள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, எப்படித் தெரியும் என்று கேட்க அவருக்கு ஆசைதான். கேட்கவில்லை. வாசு கொடுத்த மீனைப் பற்றி என்ன பேச்சு வேண்டியிருக்கிறது?

அடுத்த சனிக்கிழமை கிடங்கில் அரைநாள் வேலை. ஷாமினி டியூஷனுக்குக் கிளம்பும்போது அந்தத் தாளை அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

"இதுல இருக்கிறது மட்டும் வாங்குங்கப்பா. போதும்."

கிள்ளானில் கிஷன் என்றொரு இளைஞன் நடத்தும் மீன் கடைக்குப் போனார். சட்டைப்பையில் தாள் இருந்தது. வாசுவின் எழுத்து, அச்சடித்த மாதிரி. அதை எடுத்து நீட்ட அவருக்குக் கை வரவில்லை.

"டேங்க் எத்தன அடிண்ணே?" என்று கேட்டான் கிஷன்.

"ஆறடி."

சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் திக்கென்றது. ஆனால் கிஷன் முகத்தில் மரியாதை வந்ததைப் பார்த்ததும் பொய் இனித்தது.

"அடேங்கப்பா. உள்ள சின்ன மீன் ஏதாச்சும் இருக்கா? அத பாத்துத்தான் குடுக்கணும்."

ஆறடித் தொட்டி வைத்திருக்கிறவன் சுண்டுவிரல் நகத்தைப்போல ஆறு மீன் வைத்திருப்பானா? "ஒண்ணும் இல்ல பாஸ்" என்றார் வாய் கூசாமல்.

"அப்போ இவர பாருங்க" என்று கிஷன் ஓர் ஓரத் தொட்டிக்குக் கூட்டிப்போனான். ஆஸ்கார் மீன். உள்ளங்கை அகலம், கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள். கமலநாதன் குனிந்ததும் அது கண்ணாடிக்கு வந்து அவர் முகத்தையே பார்த்தது. "ஆள அடையாளம் தெரிஞ்சுக்கும்ணே. பழகிட்டா கையிலயே வந்து சாப்பிடும் லா."

வாசுவின் மீன்கள் எதற்கும் வாசுவைத் தெரியாது. கமலநாதனுக்கு அது போதும். இனி ஷாமினி ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே பையைக் கட்டச் சொன்னார்.

வீட்டில் சீதாலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இவ்ளோ பெருசா இருக்கு. அந்தப் பொடிசுங்களுக்கு ஒத்துவருமா?"

"மீனப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றார், தனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி. பையைத் தண்ணீரில் மிதக்க விட்டு, பிறகு மீனைத் திறந்துவிட்டார். அது ஒரு மூலையில் போய் அசையாமல் நின்றது. பரம சாதுவாக இருக்கிறதே என்று திருப்தியோடு போய்ப் படுத்தார்.

நாலு மணிக்கு எழுந்து வந்து பார்த்தபோது நியான் மூன்றுதான் இருந்தது. தொட்டிக்குள் கிடந்த மரக்கட்டைக்குப் பின்னால் தேடினார், இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே, கண்ணெதிரே, ஆஸ்கார் திரும்பி வாயைத் திறந்து மூடியது. இரண்டு. அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வலை வாங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சமையலறைக்கு ஓடி டீ வடிகட்டியை எடுத்து வந்து முழங்கைவரை தண்ணீரில் விட்டுத் துழாவினார். அதற்குள் இன்னொன்றும் போய்விட்டது. ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த ஒரே ஒன்று வடிகட்டியில் ஏறியது. தொட்டித் தண்ணீரையே ஊறுகாய் பாட்டிலில் மொண்டு அதற்குள் விட்டு நிமிர்ந்தபோது, வாசலில் ஷாமினி பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் தொட்டியைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை.

"கடக்காரர் கேக்கலியாப்பா? என்ன மீன் இருக்குன்னு கேப்பாங்களே."

"கேட்டாரு."

"அப்புறம்?"

"ஒண்ணும் இல்லேன்னேன். டேங்க் ஆறடின்னேன்." சொல்லச் சொல்ல அவருக்கே கேவலமாக இருந்தது.

"ஏன்பா?"

மழுப்பியிருக்கலாம். ஆனால் சட்டை நனைந்து, கையில் டீ வடிகட்டியோடு நிற்கிறவன் என்னத்தை மழுப்புவது? "பொறாமைம்மா" என்றார். "உன் பெரியப்பா மேல. அந்த வீட்டுக்குப் போனா நீ அவர் பக்கத்துலயேதான் கெடக்கற. எனக்கு வயிறு எரியுது. அவரு எழுதிக் குடுத்தத வாங்கக் கூடாதுன்னு இருந்துச்சு."

ஷாமினி பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"எனக்கும் பொறாமதான்பா. சிந்துஜா அக்கா மேல."

சிந்துஜா வாசுவின் மகள். கமலநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவ மேல உனக்கு என்ன?"

"சண்டேன்னா பெரியப்பா தண்ணி மாத்துவாரு. அக்கா பைப்ப புடிச்சுக்குவா. ரெண்டு பேரும் என்னத்தையாச்சும் பேசிட்டே இருப்பாங்க. மீனெல்லாம் எனக்கு ரெண்டாவதுதான். நீங்க வேல விட்டு வந்தா டிவி, இல்லன்னா தூக்கம். நம்ம வீட்ல டேங்க் வந்தா நீங்களும் உக்காருவீங்கன்னு நெனச்சேன். நீங்க வாங்கி வச்சுட்டு ஒரு நாள்கூட உக்காரல."

நாலு வாரமாகத் தொட்டி அங்கே இருக்கிறது. டிவி பார்க்கும்போது அதன் விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று போன செவ்வாய்க்கிழமைதான் அவர் அதை அணைத்தார். அது அவருக்கு நினைவு வந்தது. அந்தச் சனிக்கிழமை ராத்திரி சோறு இறங்கவில்லை. காது மட்டும் சுடவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்காரை வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு கிஷன் கடைக்குப் போனார்.

"என்னண்ணே, ஆறடியில இடம் பத்தலையா?" என்றான் கிஷன்.

"ரெண்டடி பாஸ். உள்ள ஆறு நியான் இருந்துச்சு. ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

கிஷன் ஷாமினியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், வாளியை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனான்.

கமலநாதன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். வாசுவின் எழுத்தைப் பார்த்ததும் பாழாய்ப்போன காது மறுபடியும் லேசாகச் சுட்டது. இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படித்தார். ஷாமினி அதற்குள் மீசை மீன் தொட்டிமுன் குனிந்துவிட்டாள். அதில் ஒன்று திடுமென மேலே பாய்ந்து, தண்ணீர்மட்டத்தைத் தொட்டுவிட்டு, வந்த வேகத்தில் அடிக்குப் போனது.

"அப்பா, அது ஏன் அப்படிப் போகுது?"

கமலநாதனுக்குத் தெரியவில்லை. வாசுவுக்குத் தெரிந்திருக்கும்.

"தெரியலம்மா" என்றார். "உக்காந்து பாப்போம்." பின்பக்கம் திரும்பி, இரண்டு முக்காலி கிடைக்குமா என்று கிஷனிடம் கேட்டார்.