சோலையம்மாளின் பால்பொடி டப்பா

சோலையம்மாள் சிலமலையில் பிறந்தவர். சுருளிவேலுக்கு வாழ்க்கைப்பட்டு, ஆள் நிறைந்த ஒரு ஜீப்பின் பின்பலகையில் தொற்றிக்கொண்டு, போடிமெட்டைத் தாண்டிய ஏலத்தோட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்தின் ஆள்வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் முதன்முதலாக 1971 ஆவணியில் காணப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் அந்தச் சரிவின் மழையைப் பற்றிய நம்பகமான குறிப்பு எதுவென்று கேட்டால், அலுவலக அலமாரியை நான் காட்ட மாட்டேன். அவருடைய எட்டாம் எண் வீட்டுக் கதவைத்தான் காட்டுவேன். அதன் உட்புறத்தில் கத்தியால் கீறிய இருநூற்றுப் பதினொரு கோடுகள் இருக்கின்றன. ஒரு கோடு ஒரு மழைநாள். கோட்டின் நீளம், அன்று அவர் வெளியே வைத்த பால்பொடி டப்பாவில் நின்ற தண்ணீரின் உயரம்.

தொழிலாளர் குடியிருப்பான லயம், மலையை வெட்டிய சரிவின் அடியில் எட்டு வீடுகளாக நீண்டிருந்தது. அதில் முப்பத்தொரு பேர். 1977 ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பின், லயத்துக்குச் சற்று மேலே இருந்த மாட்டுக்கொட்டகையை மண் சரிந்து மூடியது. இரண்டு பசுக்கள் போயின. மறுநாள் சோலையம்மாள் ஒன்றைக் கவனித்தார். கழுவிக் காயவைத்து, பாறைமேல் மறந்துபோன பால்பொடி டப்பாவில், விளிம்புக்கு நான்கு விரல் கீழே வரை தண்ணீர் நின்றது. கவாத்துக் கத்தியை எடுத்து அந்த இடத்தில் ஒரு கீறல் போட்டார். மழை ஓயும்போதெல்லாம் டப்பாவைக் காலி செய்து வைக்க வேண்டும்; அடுத்த முறை தண்ணீர் கீறலைத் தொட்டால் சரிவும் அசையும். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

கணக்கு சரி, டப்பாவை வைத்த இடம்தான் பிழை. ஏலச்செடி நிழலில்தான் வளரும் என்பதால், அங்கே வீடு, பாதை, கிணறு எல்லாமே மரத்தின் கீழ்தான். குரங்கு தட்டிவிடும் என்று அஞ்சி, 1978இல் டப்பாவை வாசல் பலாமரத்தின் அடிமரத்தோடு சேர்த்துக் கட்டினார். ஐப்பசித் தூறல் ஒன்றில் டப்பா கீறலைத் தாண்டி வழிந்தது. ஆள்கணக்குக்கு அடிக்கும் தண்டவாளத் துண்டை அவர் ஓங்கி அடித்தார். முப்பத்தொரு பேரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டுச் சாலை வரை ஏறி, பகல் முழுவதும் நடுங்கி நின்றனர். மலை அசையவே இல்லை. பிற்பகலில் வெயில்கூட அடித்தது.

அன்றிலிருந்து அவர் பெயர் ‘டப்பா மதினி’. அப்படி அழைத்தவர் முதல் வீட்டில் குடியிருந்த காசிமாயன். சுருளிவேலின் சித்தப்பா மகன். ஆகவே கேலி செய்ய முழு உரிமை பெற்றவர். தினமும் காலையில் வாசலில் நின்று கேட்பார்:

“மதினி, இன்னைக்கு டப்பா என்ன சொல்லுது? குளிக்கலாமா, வேணாமா?”

 சோலையம்மாள் இன்னொரு டப்பா தேடினார். ஒன்றைப் பலாமரத்திலேயே விட்டு, அதே அளவுள்ள மற்றொன்றைப் பாறைமேல் கற்களுக்கிடையே செருகி வைத்தார். ஒரே தூறலில் பாறை டப்பாவில் ஒரு விரல், மரத்து டப்பாவிலோ ஏழு விரல்! கிளையெல்லாம் சேர்த்த தண்ணீர் அடிமரம் வழியே இறங்கி டப்பாவில் விழுந்திருக்கிறது. அந்தப் பருவம் முழுவதும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகே மரத்து டப்பாவை அவிழ்த்து, கீறல் போட்ட அதையே பாறைமேல் வைத்தார். ஆய்வுக்கூடத்தில் பயின்றவர்களும் இதைவிட முறையாகச் செய்திருக்க முடியுமா என்று எனக்கு ஐயம்.

அலுவலகத்திலும் ஒரு மழைமானி இருந்தது. எழுத்தர் ராஜாராம் அதை நாள்தோறும் காலை எட்டு மணிக்குப் பார்த்துப் பதிவு செய்து, வாரம் ஒருமுறை போடியில் இருந்த முதலாளிக்கு அனுப்புவார். மழை எவ்வளவு பெய்தது என்பதை அது பிழையின்றிச் சொன்னது. எப்போது ஓட வேண்டும் என்று அதனிடம் யாரும் கேட்டதில்லை.

1979 கார்த்திகை. இரண்டு நாள் மழை விடவில்லை. மூன்றாம் நாள் வேலை நின்று, அனைவரும் வீட்டுக்குள் முடங்கியிருந்தனர். பிற்பகல் மூன்று மணிக்குச் சோலையம்மாள் பாறைக்குச் சென்று பார்த்தார். கீறலுக்கு ஒரு நெல்மணி அளவே பாக்கி. தண்டவாளத்தை அடித்தார். கதவுகள் திறந்தன, ஒருவரும் வெளியே இறங்கவில்லை. போன ஆண்டு நடுங்கியது எல்லோருக்கும் நினைவிருந்தது. இன்னொரு முறை பொய்யானால் இனி எக்காலத்திலும் அவர் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

“மரத்துத் தண்ணிக்கு மறுபடியும் ஓடணுமாக்கும்,” என்றார் காசிமாயன்.

“நீங்களே போய் டப்பாவ எடுத்துட்டு வாங்க கொழுந்தனாரே. அங்கன நின்னு ஒருதரம் மேல பாருங்க. அப்புறமும் வீட்டுக்குள்ள இருக்கணும்னு தோணுச்சுன்னா இருந்துக்கங்க.”

சிரித்துக்கொண்டே போனார் காசிமாயன். பாறைமேல் நின்று அண்ணாந்து பார்த்தார். இலை இல்லை, கிளை இல்லை. முகத்தில் அறைந்த மழை மட்டுமே. கையில் இருந்த டப்பாவில் தண்ணீர் கீறலை மூடியிருந்தது. திரும்பி வந்தவரிடம் சிரிப்பு இல்லை. “வெரசா கிளம்புங்கப்பா” என்று சொல்லிவிட்டு, தம் வீட்டு ஆட்டைத் தோளில் தூக்கினார்.

போவதற்கு உறுதியான கட்டடம் ஒன்றே ஒன்று: எதிர்ப்புறப் பாறைமேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். உள்ளே சூட்டுக்குழாய்களின் மேல் தட்டுத் தட்டாகக் காய் காய்ந்துகொண்டிருந்தது. காய் இறங்கும்வரை அந்தக் கதவைத் திறப்பதில்லை. ஈரக்காற்று பட்டால் பச்சை மங்கி வெளுத்துவிடும். அடுப்புக்கு விறகு போடும் சுருளிவேல்கூட வெளியில்தான் நிற்பார். ராஜாராம் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“கதவத் தெறந்தா கலர் போயிரும், சோலையம்மா. போடிக்கு நான் என்ன பதில் எழுத?”

“இந்தக் காய் வெளுத்தா அடுத்த காய் பச்சையா வரும்யா. லயத்துல முப்பத்தொரு பேரு. நீங்கதான தினமும் பேர் கூப்பிடுறீக.”

ராஜாராம் அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு பின்னால் நனைந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். சூடான ஏலமணம் மழைக்குள் பாய்ந்தது. அனைவரும் தட்டுகளுக்கிடையே நெருக்கி நிற்க, அவர் ஆள்வருகைப் பதிவேட்டைப் பிரித்துக் காலையில் கூப்பிடுவது போலவே பெயர் பெயராகக் கூப்பிட்டார். பதிவேட்டில் ஏறாத குழந்தைகளை விரல்விட்டு எண்ணினார். முப்பது. கடைசியாகக் காசிமாயன் ஆட்டோடு நுழைந்தார். முப்பத்தொன்று!

நாலே கால் மணிக்குச் சரிவு இறங்கியது. முதலில் மரங்கள் நின்ற நிலையிலேயே நகர்ந்தன; பிறகு இடியைப்போல் ஓர் ஓசை. லயத்தின் முதல் நான்கு வீடுகள் இருந்த இடத்தில் செம்மண் மட்டுமே இருந்தது. காசிமாயனின் வீடு அவற்றில் ஒன்று.  அவர் சோலையம்மாளின் கையிலிருந்த டப்பாவை வாங்கி, தம் துண்டால் அதன் வெளிப்புறத்தைப் பதமாகத் துடைத்து அவரிடமே திரும்ப நீட்டினார்.

அலுவலக மழைமானியின் கணக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குப் பதிவாயிற்று: ஒன்பதே கால் அங்குலம். அதே பக்கத்தில் ராஜாராமின் கையெழுத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: “ஸ்டோர் கதவு என் பொறுப்பில் திறக்கப்பட்டது. காய் வெளுத்தது. ஆட்கள் முழு வருகை.”

லயம் பாறைமேட்டுக்கு மாறியது. பழைய வீட்டின் கதவைச் சோலையம்மாள் கழற்றிவந்து புதிய எட்டாம் எண்ணில் மாட்டச் செய்தார். அடுத்த ஆண்டு ஆடியில் பக்கத்துத் தோட்டத்தார் ஜீப்பு அனுப்பி அவரை அழைத்தனர். அதன்பின் மற்றொரு தோட்டம். 1984க்குள் ஆறு தோட்டங்களில் கீறல் போட்ட டப்பாக்கள் நின்றன. சரிவுக்குச் சரிவு கீறலின் உயரம் மாறும் என்பதால், ஒவ்வோர் இடத்திலும் முன்பு மண் இறங்கிய நாட்களைப் பெண்களிடம் விசாரித்தே அவர் கத்தியை எடுத்தார். டப்பா மூட்டையைச் சுமந்து உடன் சென்றவர் காசிமாயன். கேலியை அவர் விடவில்லை; ஆனால் டப்பாவை வேறு யார் கையிலும் கொடுக்கவும் இல்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் தோட்டத்தார் தேநீர் நீட்டுவார்கள். சோலையம்மாள் அதை வாங்காமல், மேலே இலை இல்லாத ஓர் இடத்தைத் தேடி அண்ணாந்தபடியே நடக்கத் தொடங்கியிருப்பார்.