கைதட்டலுக்காக நான் உடைத்த பொய்

2012ஆம் ஆண்டு, ஜூலைக் குளிர். சிட்னியின் செவன் ஹில்ஸில் ஒரு சிறிய மண்டபம். நண்பர் ஒருவரின் நாற்பதாவது பிறந்தநாள்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை யூடியூபில் தேடித் தேடிப் பார்ப்பேன். நீண்ட மேசை, கறுப்புக் கோட்டுகள், சிகரெட் புகை. நடுவில் ஒரு பெரிய நடிகர். அவருடைய நண்பர்களே ஒவ்வொருவராக எழுந்து அவரைக் கிழிகிழி என்று கிழிப்பார்கள். குடியை, வழுக்கையை, விவாகரத்தை. எல்லாரையும்விட அவர்தான் அதிகம் சிரிப்பார். முடிவில் கட்டிப்பிடிப்பார்கள். எங்கள் விழாக்களிலோ பொன்னாடையும் புகழுரையும்தான். அன்பு இப்படியும் பேசலாமே என்று மனம் துறுதுறுத்தது.

நண்பரும் நானும் பாண் சுடும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். நான் லொறியில் பாண் ஏற்றும் பகுதி, அவர் துப்புரவு. அகதியாகப் படகில் வந்தவர், தற்காலிக விசா. மனைவியும் எட்டு வயது மகளும் வவுனியாவில். ஸ்கைப்பில் அவர்களோடு நானும் சில சமயம் கதைப்பேன். அதனால்தான் ஒருநாள் தேநீர் இடைவேளையில், கோப்பையைப் பார்த்தபடி அவர் சொன்னார்: “அண்ணை, வீட்டில நான் மெஷின் ஓட்டுறன் எண்டுதான் சொல்லியிருக்கிறன். ஊரில வாத்தியாரா இருந்தனான், பாருங்கோ. வாய் தவறிச் சொல்லிப்போடாதேங்கோ.”

“சீ, நான் ஏன் சொல்லப்போறன்?” என்றேன்.

பிறந்தநாளன்று கேக்கின் பக்கத்தில் ஒரு மடிக்கணினி. திரையில் மனைவியும் மகளும். இங்கே மதியம், அங்கே அப்போதுதான் காலை. கேக் வெட்டி முடிந்ததும் நான் மைக்கை வாங்கினேன்.

“செவன் ஹில்ஸ் எண்டு கேள்விப்பட்டு, முதல் கிழமை முழுக்க ஏழு மலையையும் தேடித் திரிஞ்ச மனுசன் இவர்!”

மண்டபம் சிரித்தது.

“இவற்ர இங்கிலீஷுக்குப் பயந்து வெள்ளைக்காரன் தமிழ் படிக்கிறான்!”

பின்வரிசையில் ஒருவர், “விடாதேங்கோ அண்ணை, இன்னும் குடுங்கோ!” என்று கத்தினார். பிறர் சிரிப்பு ஒரு போதை. உள்ளே இறங்கினால் வேறெதுவும் நினைவில் நிற்காது. எனக்கு நிற்கவில்லை.

“எங்கட ஃபக்டரியில இவர் மொப் போடாத இடமில்லை. டொய்லட்டுக்குப் போறதெண்டா மனேஜரே இவரிட்டத்தான் பெர்மிஷன் கேக்கவேணும்!”

கைதட்டல். நண்பரும் சிரித்தார், எல்லாரையும்விடச் சத்தமாக.

ஒரு நொடி தாமதித்து, மடிக்கணினியிலிருந்து மகளின் குரல் வந்தது: “அப்பா, நீங்கள் டொய்லட்டோ கழுவுறனீங்கள்?”

சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது.

“இல்லையம்மா, பெரியப்பா பகிடி விடுறார்,” என்றார் நண்பர். என்னைப் பார்த்தார். ‘ஓம் பிள்ளை, பகிடிதான்’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைக் கையில்தான் இருந்தது. மனைவி மகளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “இஞ்சாருங்கோ, லைன் கிளியரில்லை. பிறகு எடுக்கிறம்,” என்றார்.

படம் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. பிறகு திரை கறுத்தது.

புறப்படும்போது மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை அண்ணை. சனம் நல்லாச் சிரிச்சதுதானே,” என்றார். ஏசியிருந்தால்கூட ஆறியிருப்பேன். அடுத்த மாதமே வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். பின்னர் மெல்பேர்னுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவருடைய பழைய எண் இப்போது வேலை செய்வதில்லை.

அந்தப் பழைய நிகழ்ச்சிகளில் ஒன்றை அதன்பின் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். நடுவில் இருந்தவரிடம் மறைக்க ஒன்றுமே இல்லை. அவருடைய குடியும் வழுக்கையும் உலகறிந்தவை. சம்மதித்துத்தான் அந்தக் கதிரையில் அமர்ந்திருந்தார். என் நண்பரிடம் நான் கேட்கவே இல்லை. அவரிடம் மறைக்க இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் என்னை நம்பித் தந்திருந்தார்.

இன்றும் ஒரு கூட்டத்தில் யாரைப் பற்றியாவது நல்ல பகிடியொன்று நாவில் வந்து நிற்கும்போது, ஒரு நொடி தாமதித்து அந்தப் பிள்ளையின் கேள்வி காதில் விழுகிறது. பகிடியை விழுங்கிக்கொள்கிறேன்.