கல்லு என்றால் நங்கூரம்

நேற்று திருப்பூர் மங்கலம் சாலையில் ஒரு நண்பரின் புதுக் கம்பெனிக்குப் போயிருந்தேன். கட்டிங் மேசையில் பனியன் துணி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. ஒரு முனைகூட எழவில்லை.

"துணி மேல வெக்கற வெயிட்டெல்லாம் எங்கீங்க தம்பி?" என்றேன்.

"இந்த மெசினு கீழ இருந்தே காத்துல இழுத்துப் புடிச்சுக்குதுங்க சார்," என்றான் அங்கிருந்த பையன், பழைய கிராமபோனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து.

எனக்கோ மீன்குழம்பு வாசனை அடித்தது. காரணம் இருக்கிறது.

நான் கட்டிங் செக்‌ஷனில் மேற்பார்வை பார்ப்பதாகச் சொல்லிச் சம்பளம் வாங்கிய நாட்களில், அருளப்பண்ணன் என்றொரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். துணி பறக்காமலிருக்க நாங்கள் வைக்கும் இரும்புக் கட்டிகளை அவர் 'கல்லு' என்பார். அவர்கள் கரையில் நங்கூரத்துக்கு அதுதான் பெயர். கட்டுமரக் காலத்தில் துளையிட்ட கல்லைக் கயிற்றில் கட்டி இறக்குவார்களாம். இரும்பு வந்த பிறகும் பெயர் மாறவில்லை. கல்லைப் போட்டால் நிற்பது, தூக்கினால் கிளம்புவது. நொய்யலின் சாயத் தண்ணீரைத் தவிர வேறு அலை பார்த்திராத எங்கள் ஆட்களும் ஷிப்டு முடிந்தால், "கல்லத் தூக்கியாச்சுங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நிஜக் கல் ஒன்று அவருடைய லைன் வீட்டில் கதவுக்குப் பின்னால் கிடந்தது, கயிறு அரித்த பள்ளத்தோடு. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்குப் போனபோது பார்த்தேன். தம்பியைக் கடல் கொண்டுபோனதும், அண்ணனை அவர் மனைவி ரீத்தாக்கா திருப்பூருக்கு இழுத்து வந்தார். வரும்போது படகிலிருந்த கல்லையும் சாக்கில் கட்டி எடுத்து வந்துவிட்டார். ஊரில் நல்ல மீன்பாடு என்று போன் வந்தால் போதும், அண்ணன் பையைத் தூக்குவார். அக்கா கதவைச் சாத்திக் கல்லைக் காட்டுவார்.

"கல்லு இங்கன கெடக்கு. கல்லில்லாம எப்பிடிக் கடலுக்குப் போவீய?"

அண்ணன் பையைக் கீழே வைத்துவிடுவார்.

ஒருநாள் டீக்கடையில் கேட்டேவிட்டேன். "ஏனுங்ண்ணா, உங்க கரையில வேற கல்லே இல்லீங்களா?"

"ஆயிரம் கெடக்கு தம்பி. அவகிட்டச் சொல்லிராத. பயந்துருவா."

பிறகு கம்பெனியை மூடினார்கள். அண்ணனுக்கும் படகு தள்ளும் வயது போய்விட்டிருந்தது. ஊருக்கே திரும்புவது என்று முடிவானது. வேனில் சாமான் ஏற்ற நானும் போனேன், அதாவது பக்கத்தில் நின்று யோசனை சொன்னேன். கடைசியாக அண்ணன் அந்தக் கல்லை மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்.

"அத எதுக்குச் சொமக்கிய? நம்ம கரையில இல்லாத கல்லா?" என்றார் அக்கா.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் சிரித்த சிரிப்பில் கல் நழுவியது. நான் பிடித்தேன். அத்தனை வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான். அக்காவே அதை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்தார்.

இப்போது அந்த லைன் வீடுகளை இடித்தாயிற்று. இரும்புக் கட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

நேற்று கிளம்பும்போது ஷிப்டு முடியும் சங்கு ஊதியது. பழக்கதோஷம், அந்தப் பையனிடம், "கல்லத் தூக்கியாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்தக் கல்லுங்க சார்?" என்று மேசைக்கு அடியில் குனிந்து தேடினான்.