சிவப்புக்கு மேல் ஒரு சிவப்பு

என் அத்தை சோப்பு உறைக்குப் படம் வரைகிறவள். குளியலறைக்குக் குளியலறை அவள் வரைந்த பூக்கள் நனைந்து, கிழிந்து, குப்பைக்குப் போகின்றன. எந்த உறையிலும் அவள் பெயர் கிடையாது. கேட்டால், "சோப்புல பேரு போட்டா நுரை கூடுமா?" என்பாள்.

அவள் அறைச் சுவர் சாம்பல், மேசை சாம்பல், உடுப்பும் சாம்பல். நிறம் பார்க்கும்போது பக்கத்தில் வேறு நிறம் இருக்கக் கூடாதாம். ஒருநாள் வேண்டுமென்றே மஞ்சள் சட்டையில் போய் நின்றேன். சட்டையின் மஞ்சள் திரையில் அடிக்கிறது என்று கழற்ற வைத்துவிட்டாள்.

மேசையில் இரண்டு மானிட்டர். பெரியது உசத்தி, சிவப்புக்கு மேலேயும் சிவப்பு காட்டும். சின்னது எல்லார் வீட்டிலும் இருக்கிற ரகம். ஓர் அளவுக்கு மேல் எந்தச் சிவப்பைக் கொடுத்தாலும் எல்லாவற்றையும் ஒரே சிவப்பாக்கிவிடும். அத்தை பெரியதில் வரைவாள். ஊரில் முக்கால்வாசிப் பேர் பார்ப்பது இதில்தான் என்று, அனுப்பும் முன் சின்னதில் ஒரு பார்வை.

போதாதா எனக்கு? புது சோப்பு ஒன்றுக்கு உறை, முழுக்கச் சிவப்பு. பிடித்துப்போனால் அந்தக் கம்பெனியின் மற்ற உறைகளும் அத்தைக்குத்தான் என்று பேச்சு. அவள் குளிக்கப் போனதும், அந்தச் சிவப்பின் மேல் இன்னும் கடுஞ்சிவப்பில் எழுதினேன்: 'இதை வரைந்தது என் அத்தை.' சின்னதில் பார்த்தால் ஓர் எழுத்தும் தெரியவில்லை. பெரியதை அணைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன். வந்து பெரியதைப் போட்டுப் பார்த்துக் கத்துவாள், சிரிக்கலாம் என்றுதான்.

அவளோ தலையைத் துவட்டிக்கொண்டே சின்னதில் மட்டும் பார்த்து, அனுப்பியும் விட்டாள்.

கம்பெனிக்காரர் மேசையிலும் உசத்தி மானிட்டர் இருந்தால்? மூன்று வார வேலையும் இனி வரப்போகிற வேலையும் என்னால் போய்விடும். மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன்.

அத்தை பெரியதைப் போட்டாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கம்பெனிக்காரருக்குப் போன் செய்து, படத்தில் தப்பு இருக்கிறது, வேறு அனுப்புகிறேன் என்றாள். இங்கே நாலு பேர் பார்த்தாயிற்று, தப்பு எதுவும் தெரியவில்லை, அப்படியே இருக்கட்டும் என்றார் அவர்.

"எனக்குத் தெரியுதுங்களே," என்றாள் அத்தை.

சுத்தமான படம் போனது. அடுத்த உறையை எப்போது தொடங்கலாம் என்று பதில் வந்தது. அப்புறம்தான் நான் எழுதிவைத்த படத்தைத் திறந்தாள். அழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏண்டா, வரி இப்படிச் சரிஞ்சு கிடக்கு?"

என் முகத்தைப் பார்க்காமலே அரைமணி நேரம் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.