கடைசி வரியை மட்டும் அழி

போன வெள்ளிக்கிழமை மதியம், மாடி வீட்டு மும்தாஜ் அக்கா கையில் போனோடு என் வாசலில் வந்து நின்றார். அடுப்பில் சங்கரா மீன் குழம்பைப் பாதியில் விட்டுவிட்டு.

போன் அவருடையது இல்லை. கணவர் சலீம் பாயுடையது. பாத்திரக்கடைக்காரர். ஜும்மா தொழுகைக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்.

"தம்பி, கொழம்புக்கு எவ்ளோ மொளகாத்தூள்னு இந்த ஏஐகிட்ட கேட்டேன். ஒங்களுக்கு ஈரல்ல புத்துநோய், காரத்தக் கொறைங்கன்னுது. எனக்குத்தான்னு பயந்துட்டேன். அப்பறந்தான்... இது அவரு போனாச்சே! நான் அவரு சம்சாரம், நோவு அவருக்கான்னு திருப்பிக் கேட்டேன். அத அவருகிட்டயே கேளுங்கங்குது."

யாருக்கு என்று எனக்குத் தெரியுமே!

இரண்டு மாதம் முன்பு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை விளக்கச் சொல்லி ஏஐயிடம் கேட்டிருந்தார் பாய். "அவளுக்குத் தெரியக்கூடாது சார். ஒடஞ்சிடுவா" என்றார் என்னிடம். அந்த உரையாடலை அழித்துக்கொடுத்த மேதாவி... அடியேன்தான். "அழிச்சாச்சு பாய். இனி அதுக்கு ஒண்ணும் தெரியாது."

என்ன தெனாவட்டு எனக்கு!

பேச்சு ஓரிடம், ஞாபகம் வேறிடம். நாம் பேசும்போதே முக்கியமானதை அது சின்னக் குறிப்பாகத் தனியே எழுதி வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு புதுப் பேச்சுக்கும் அந்தக் குறிப்போடுதான் வருகிறது. பேச்சை அழித்தாலும் குறிப்பு அப்படியே இருக்கும். போன் இப்போது யார் கையில் என்பதுதான் அதற்குத் தெரியாது.

செட்டிங்ஸில் மெமரியைத் திறந்தேன். 'பாத்திரக்கடை வைத்திருக்கிறார்.' 'கல்லீரல் புற்றுநோய், முற்றிய நிலை.' 'மனைவியிடம் சொல்லவில்லை.' கடைசியாக, சற்று முன் சேர்ந்த வரி — 'மனைவிக்குத் தெரிந்துவிட்டது.'

அக்கா நான்கையும் படித்தார். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எல்லாத்தையும் அழிச்சிடட்டுமாக்கா?"

"வேணாம். கடைசி வரிய மட்டும் அழி. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு ஒடஞ்சிடுவாரு."

அழித்தேன். இந்தத் தடவை குறிப்பிலும், பேச்சிலும்... இரண்டு இடத்திலும்.

அக்கா மேலே போனார். கொஞ்ச நேரத்தில் பாயும் தொழுகை முடிந்து வந்தார். மாடியிலிருந்து அவர் குரல் கேட்டது.

"என்னம்மா, கொழம்புல காரமே இல்ல?"

"மொளகாத்தூள் தீந்துபோச்சுங்க."

இனி அந்த வீட்டில் மிளகாய்த்தூள் தீர்ந்தேதான் இருக்கும்.